மஞ்சள் வரிசையில் வராத பெட்டி

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஏழு நாளில் ஒன்பது தடவை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது படித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையதுதான்.

அண்ணன் பெட்டிக்கு டேக் ஒட்டி அறைக்கு வெளியே வைத்தது நான். கப்பலில் கடைசி நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் அடைத்து முடித்துவிட்டு, எதுவும் விட்டுப் போயிற்றா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தொண்ணூற்றாறு நாள் அலமாரியில் இருந்தது அங்கே எப்படிப் போனது என்று யோசிக்கவில்லை. பாவம், அண்ணி மறந்துட்டாங்க என்றுதான் தோன்றியது. கப்பல்காரர்கள் கொடுத்த உறையில் நாலே மஞ்சள் டேக். அறையைக் கவனித்துக்கொண்ட அந்த மனிதரிடம் நாலு போதும் என்று விரலைக் காட்டியதும் நீங்கள்தான். எதிர் அறைத் தம்பதியிடம் பச்சை டேக் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை வாங்கி, நம் அறை எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

இருபத்தெட்டு வருஷம் மருத்துவமனை ரெக்கார்டு அறையில் கோப்பு அடுக்குகிறவள் நான். எங்கள் அறையில் நிறம் அழகுக்கு, எண்தான் பேசும். டேக் இல்லாத பொருளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கப்பலில் எண்ணை யாரும் படிக்க மாட்டார்கள், நிறத்தைப் பார்த்துத் தூக்கிப் போவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொன்னார்கள். தாளில் அச்சடித்தே கொடுத்தார்கள். படிக்காதது நான்.

காலையில் அந்தப் பெரிய கூடத்தில் மஞ்சள் கம்பத்தடியில் நம்முடைய நாலு பெட்டி மட்டும் நின்றன. நீங்கள் சிவப்பு வரிசை, நீல வரிசை என்று ஒவ்வொன்றாக நடந்து தேடினீர்கள். பச்சை வரிசை இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. அவர்கள் எல்லோரும் பஸ் ஏறி வேறு ஊர் விமான நிலையத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். திரும்பி வந்து, "நீ வந்ததே அவர் இடத்துல. அதையாவது ஞாபகம் வெச்சிருந்தியா?" என்று கேட்டீர்கள். உங்கள் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் கம்பத்தடியிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். கோபம் தணிந்து திரும்பி வருவீர்கள் என்று நினைத்தேன்.

பெட்டி காணாமல் போனதற்குப் படிவம் வாங்கி வந்திருக்கிறேன். உள்ளே என்னென்ன இருந்தது என்று கேட்கிறார்கள். தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். அண்ணன் ஒட்டுப்போட்டுச் செய்த அந்தக் கதம்பப் பெட்டியைக் கண்டுபிடித்து உங்கள் வாசலில் கொண்டுவந்து வைக்காமல் ஓய மாட்டேன். அதற்கப்புறமாவது கதவைத் திறப்பீர்கள் அல்லவா?

உங்கள்
வாலு


ஏப்ரல் 12

வாலுவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

படிவத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பெட்டியைத் தேட வேண்டாம்.

அவசரத்தில் அடைத்ததில் உன் சாமான் சில என் பெட்டியில் வந்துவிட்டது. பிரஷர் மாத்திரை டப்பா, ஒற்றைச் செருப்பு, நீ ஊர் ஊராகப் பொறுக்கிய கூழாங்கல் மூட்டை. தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன். மாத்திரையை இத்தனை நாள் சாப்பிடாமலா இருந்தாய்?

ரிப்பேர் கடையைத் திறக்கவில்லை. புறப்பட்ட அன்று கதவில் மாட்டிய 'விடுமுறை' அட்டை அப்படியே தொங்குகிறது.

தேடாதே.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் வந்தது. ஒற்றைச் செருப்பைத் துணியில் சுற்றி, மாத்திரைக்குப் பஞ்சு வைத்து, நாலு மூலையும் நூல் போட்டுத் தைத்திருக்கிறீர்கள். "கோவத்துல இருக்கறவங்க இவ்ளோ நேர்த்தியா பார்சல் கட்டுவாங்களா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்க அண்ணி கட்டுவாங்க என்றேன். மாத்திரை வேறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

'தேடாதே' என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், அதற்குள் நாலு இடத்துக்கு எழுதியாயிற்று. பெட்டியின் அடையாளம் என்ற இடத்தில் மூன்றே வரி விட்டிருந்தார்கள். கதம்பத்தை மூன்று வரியில் அடக்க யாரால் முடியும்? தனித்தாள் இணைத்தேன். உடம்பு பழுப்பு, ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராத ஒரு பேராசிரியருடையது. மூடி கறுப்பு, யாருடையது என்று அண்ணனுக்கே மறந்துவிட்டது. கைப்பிடி ஒரு பாடகியின் பெட்டியில் இருந்தது. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது, அதனால் தள்ளினால் எப்போதும் இடப்பக்கமாக ஓடும். உள்துணி நீங்கள் தைத்தது. "எட்டு வீட்டுப் பிள்ளை இது, எங்க போனாலும் பொழச்சுக்கும்" என்று அண்ணன் அதன் முதுகில் தட்டுவாரே, அதை மட்டும் எழுதவில்லை.

கப்பல் ஏறின அன்று ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் நம்மை விட்டுப் போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. டிக்கெட்டில் அவர் பெயரை அடித்து என் பெயரை எழுதியிருந்தார்கள். நீங்கள் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. அந்த நீளமான நடையில் கதம்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அது இடப்பக்கமாகவே ஓடி ஒரு அறைக் கதவில் போய் முட்டியது. உள்ளே இருந்தவர் கதவைத் திறந்து பெட்டியை வரவேற்றார். "அவர மாதிரியே. கூப்பிடாத வீட்டுக்குப் போவுது" என்றீர்கள். இரண்டு நாளில் நீங்கள் பேசிய முதல் பேச்சு அது.

அப்புறம் நாற்பத்தோராம் நாள். துண்டை மடித்துக் குரங்கு செய்து, உங்கள் கண்ணாடியை அதற்கு மாட்டிவிட்டுப் போயிருந்தார் அந்த அறைக்காரர். நான் அழுக்குத்துணி என்று குரங்கையும் வாரிக்கொண்டு போய் மெஷினில் போட்டுவிட்டேன். மத்தியானம் முழுக்கக் கண்ணாடியைத் தேடினீர்கள். கடைசியில் மெஷின் கதவுக்கு அந்தப் பக்கம் அது நுரையோடு சுற்றிச் சுற்றி வந்து உங்களைப் பார்த்தது. துவைக்கிற அறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். இனிமேல் நீங்கள் சிரிக்கவே மாட்டீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். மெஷின் நின்ற பிறகும் சிரித்தீர்கள்.

கடைசி நாள் சாயங்காலம்தான் வேறு மாதிரி. நடை முழுக்கப் பெட்டிகள். மூன்று மாதம் வாங்கிக் குவித்ததை அடைக்க முடியாமல் ஒவ்வொரு அறையிலும் ஒரு ஆள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நாலு பேருடைய ஜிப் பிய்ந்தது, என்னுடையதும் சேர்த்து. உங்கள் துப்பட்டாவால் கட்டினோம். அண்ணன் இருந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன், நீங்கள் குளியலறைக்குள் போய்விட்டீர்கள். மறுநாள் காலை உடுத்த வேண்டியதையும் சேர்த்து மனைவி அடைத்துவிட்டதால் ஒரு பெரிய மனிதர் கோடு போட்ட தூக்க உடையில் கப்பலை விட்டு இறங்கினாரே, அதற்குக்கூட அன்று நாம் சிரிக்கவில்லை.

தேடுவதை நிறுத்த மாட்டேன்.

வாலு


மே 1

வாலுவுக்கு,

அந்தப் பெரிய மனிதரை நானும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் சோறு வடிக்கும்போது ஞாபகம் வந்து சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து பழசெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. உன் அண்ணனுக்குக் கப்பல் ஆசை எப்படி வந்தது தெரியுமா? ரிப்பேருக்கு வரும் பெட்டிகளில் கப்பல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பெட்டி சரியான பிறகும் இரண்டு நாள் கடையிலேயே வைத்திருப்பார். கேட்டால், "இது பார்த்ததெல்லாம் நாம பாக்கல இல்ல, கொஞ்ச நேரம் பக்கத்துல இருக்கட்டும்" என்பார். ஊர் ஊராகப் போகும் பெட்டிகளை நாற்பது வருஷம் தைத்துக் கொடுத்தோம். நாங்கள் போன தூரம் உன் வீடு, அங்கிருந்து திரும்பி எங்கள் வீடு.

எந்தப் பெட்டி கடையை விட்டுப் போனாலும் மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுவாரே. 'போகும்போது' என்று ஒரு பக்கம், 'வரும்போது' என்று ஒரு பக்கம். என்ன எடுத்துப் போனோம், என்ன கொண்டுவந்தோம் என்று எழுதிக்கொள்ளத்தான். பாதிப் பேர் கிழித்துப் போட்டிருப்பார்கள். விடாமல் ஒட்டினார். கதம்பத்துக்கும் ஒட்டினார். அதில் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. அவர் பெட்டியை அவரே அடைத்தார், அவரே பூட்டினார். "கடைசி நாள் சாயங்காலம் மட்டும் என்னைக் கூப்பிடாத. எனக்கு வேலை இருக்கும்" என்றார். கப்பலில் உமக்கு என்ன வேலை என்றேன். சிரித்தார். எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது.

இறங்குகிற நாளைப் பற்றி நினைக்கிறேன். அந்த அறைக்காரர் கடைசி நாளன்று துண்டில் ஒன்றும் செய்யாமல் வெறுமனே சதுரமாக மடித்து வைத்திருந்தார். அடுத்தவர் வருவதற்கு அறை தயாராகிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் நம்முடையது என்று நினைத்த அறை.

பெட்டியைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். அது எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும். இதற்கு மேல் மெனக்கெடாதே. என்னைக் கஷ்டப்படுத்தாதே.

அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

கதம்பம் வந்துவிட்டது.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்புகிற நேரம். அழைப்பு மணி அடித்தது. வண்டிக்காரர் ஒருவர் காகிதத்தை நீட்டி, "இந்த வீடுதானா பாருங்க" என்றார். அவருக்குப் பின்னால் படிக்கட்டில், இடப்பக்கம் சாய்ந்தபடி அது நிற்கிறது. கைப்பிடியில் ஏழு டேக். பச்சை பஸ்ஸில் விமான நிலையம், அங்கிருந்து யாருடைய சாமானோடோ வேறு தேசம், அங்கே ஒரு மாதம் கிடங்கு, மறுபடி இரண்டு விமானம். நம்மைவிட அதிகம் சுற்றிவிட்டது அண்ணி. பூட்டு உடையவில்லை.

என் படிவத்தால் வந்தது என்று மார்தட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் படிவத்தால் வரவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம், சக்கரங்களுக்கு நடுவில், ஒரு தோல்துண்டைத் தைத்து அதில் சூட்டுக்கோலால் முகவரி எழுதியிருக்கிறார். என் முகவரி. உங்கள் கடை, மாடி வீட்டு முகவரி இல்லை. ஏன் இப்படிச் செய்தார் என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது. நீங்கள் இருவரும் கப்பலில் இருப்பீர்கள். வீடு பூட்டியிருக்கும். பெட்டி தொலைந்து திரும்பி வந்தால் வாங்கி வைக்க ஆள் வேண்டுமே. நான் இருப்பேன் என்று எழுதியிருக்கிறார்.

நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். கூடத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எப்போது கொண்டு வரட்டும்? சொல்லுங்கள், அடுத்த ரயிலில் ஏறிவிடுகிறேன்.

வாலு


மே 16

வாலு,

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

அந்தப் பெட்டியை நான் மறக்கவில்லை. கப்பலிலேயே விட்டுவிட்டு வருவதாக இருந்தேன்.

அன்று நீ எதிர் அறைக்காரர்களுக்குப் பெட்டி அமுக்கிக் கொடுக்கப் போயிருந்தாய். அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் கை எட்டும் வரை தள்ளினேன். நாலு டேக் போதும் என்று விரல் காட்டியது அதற்குத்தான். அவர் நாள் எண்ணிக் காத்திருந்தும் ஏறாத கப்பல் அது. பெட்டியாவது அதில் இருக்கட்டும், அடுத்த சுற்றுக்கும் போகட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் திறக்க வேண்டும். திறந்தால் துணியை எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும். அதற்கப்புறம் அது பயணம் முடிந்த பெட்டி. எனக்கு அதற்குத் தெம்பு இல்லை.

காலையில் குனிந்து பார்த்தால் இடம் காலி. நீ சிரித்துக்கொண்டே, "மறந்துட்டீங்களே அண்ணி, நான் பாத்ததால ஆச்சு" என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். உன் அண்ணனைக் கப்பலில் விட்டுவிட்டு வரப் பார்த்தேன் என்று, அதுவும் உன்னிடம், எந்த வாயால் சொல்வது? கூடத்தில் பெட்டி வரவில்லை என்றதும் உன்மேல் பாய்ந்தேன். தொலைத்தவள் நீ என்று ஆகிவிட்டால் விட்டவள் நான் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

ஒன்று மட்டும் நம்பு. வரிசை வரிசையாகத் தேடியது நடிப்பில்லை. விட நினைத்தவள்தான், காணோம் என்றதும் கால் நிற்கவில்லை. கிடைக்க வேண்டும் என்றுதான் தேடினேன். கிடைக்கவில்லை என்றதும் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடினேன்.

அண்ணி


மே 21

அண்ணிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

எட்டு வாரம். பதினொரு கடிதம், நாலு படிவம். மூன்று இடத்தில் 'என்னுடைய கவனக்குறைவால்' என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலையில் எந்தக் கோப்புக்கு டேக் ஒட்டினாலும் இரண்டு தரம் சரிபார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் இல்லாத பழக்கம். அண்ணன் கடைசியாகத் தொட்டு அடைத்ததை நான்தான் தொலைத்தேன் என்று தினமும் எழுந்ததும் நினைத்தேன். நீங்களோ தெரிந்தே விட்டுவிட்டு வரப் பார்த்தீர்கள்.

உங்களுக்கு அவர் நாற்பது வருஷம் புருஷன். எனக்கு ஐம்பத்து நாலு வருஷம் அண்ணன். நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. என் தலையைப் பின்னிவிட்டது நீங்கள், பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு வந்தால் எனக்காகப் பொய் சொன்னது நீங்கள், வாலு என்று பெயர் வைத்ததும் நீங்கள். நீங்கள் அப்படி வளர்த்த நான் பக்கத்துக் கட்டிலில் தொண்ணூற்றாறு நாள் படுத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? பெட்டியை உள்ளே தள்ளும்போது என் கையும் சேர்ந்து தள்ளியிருக்கும்.

அவர் இடத்தில் வந்தவள்தானே, இவளிடம் என்ன கேட்பது என்று நினைத்தீர்களா?

பெட்டியை எங்கே அனுப்பட்டும்? கப்பலுக்கா, உங்களுக்கா? ஒரு வரி எழுதினால் போதும்.

வாலு


மே 26

வாலு,

நீ எழுதியது அத்தனையும் சரி. என் பக்கம் சொல்ல ஒன்றும் இல்லை.

சாவி இதோடு இருக்கிறது. என் கழுத்துச் சங்கிலியில் கோத்துக் கப்பல் முழுக்கச் சுமந்தது. நீ திற. நான் பக்கத்தில் இருந்தால் உன்னைத் திறக்க விடமாட்டேன்.

உள்ளே இருப்பதை எனக்கு எழுது. ஒன்றையும் விடாதே. நான் அழுவேன் என்று எதையும் மறைக்காதே.

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்தேன். கூடத்து மேசையில் பழைய போர்வை விரித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாவி சுலபமாகத் திரும்பியது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

முதலில் துணி. இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, சவர டப்பா. அவ்வளவுதான். தொண்ணூற்றாறு நாளைக்கு இரண்டு சட்டையோடு கிளம்பிய மனிதர் உலகத்தில் எங்கள் அண்ணனாகத்தான் இருக்கும். இதை அலமாரியில் அடுக்க முடியாது என்றா இத்தனை பயந்தீர்கள்? ஒரு தட்டில் ஒரு மூலை போதும் அண்ணி.

மிச்சம் எல்லாம் வேலைச் சாமான். பெட்டிச் சக்கரம் ஆறு, கைப்பிடி இரண்டு, குறடு, குத்தூசி, மெழுகு தடவிய நூல்கண்டு மூன்று. ஜிப்பில் முன்னும் பின்னும் ஓடுகிற ரன்னர் நாற்பது, அளவு வாரியாகச் சின்னச் சின்ன டப்பாக்களில். அந்த டப்பாக்கள் என்னுடைய காலி மாத்திரை டப்பாக்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும், "தூக்கிப் போட்டுடாத, குடு" என்று வாங்கிப் போவாரே, அவை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அட்டை, கதவில் மாட்ட ஓட்டை போட்டு, கயிறு கோத்து. எழுத்து ஒன்றுமில்லை, படம்தான். இடப்பக்கம் வாய் பிளந்து துணி பிதுங்கும் பெட்டி, வலப்பக்கம் அதே பெட்டி மூடிக்கொண்டு சிரிக்கிறது. நடுவில் ஒரு அம்புக்குறி. எந்த பாஷைக்காரருக்கும் புரியும். கடைசி நாள் சாயங்காலம் வேலை இருக்கும் என்றாரே, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நடை முழுக்கப் பெட்டிகளோடு மல்லுக்கட்டினார்களே, அவர்களுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பிய்ந்துபோன நாலு ஜிப்பும் பத்து நிமிஷ வேலை. என் பெட்டியை உங்கள் துப்பட்டாவால் கட்டிக்கொண்டிருந்தபோது, ரன்னர் எல்லாம் மூன்றடி தள்ளிக் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது.

பெட்டியின் ஒரு பாதி காலி. நடுவில் நீங்கள் தைத்த தடுப்புத்துணி. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

மூடியில் தாள் ஒட்டியிருக்கிறது. 'போகும்போது' பக்கத்தில் நான் மேலே சொன்ன அத்தனையும் வரிசையாக, சக்கரத்தின் அளவு உட்பட. 'வரும்போது' பக்கத்தில் இரண்டே வரி. முதல் வரி, 'அவளுக்கு: அவளே பார்த்துக்கொள்வாள்.' இரண்டாவது வரி, 'வாலுவுக்கு:' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார். அதற்குக் கீழே மீதித் தாள் வெள்ளையாக இருக்கிறது.

அவர் மனதில் நான் கப்பலில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, அண்ணன் என்ன வாங்கி வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலிப் பாதி எனக்கு. வெகுநேரம் அழுதேன். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்தபோது இல்லை.

எடுத்தது எடுத்த மாதிரியே திரும்ப வைத்துவிட்டேன். சொல்லுங்கள், என்ன செய்யட்டும்?

வாலு


ஜூன் 8

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். ஆமாம், கடையில். போன வாரம் ஒரு பெண் பூட்டிய கதவுக்கு வெளியே பிய்ந்த பெட்டியோடு அரைமணி நேரம் நின்றாள். மறுநாள் பயணமாம். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இறங்கிப் போய்த் திறந்தேன். 'விடுமுறை' அட்டையைக் கழற்றி மேசைக்குள் போட்டுவிட்டேன். உன் அண்ணனுக்குப் பத்து நிமிஷம் ஆகிற வேலை எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. உள்துணி தைக்கிற கைக்கு ஜிப் லேசில் வசப்படவில்லை. அளவான ரன்னர் ஒன்றுகூடக் கடையில் இல்லை. டப்பா டப்பாவாக வைத்திருந்த மனிதர், எங்கே போயிருக்கும் என்று ஒரு வாரமாகக் கொட்டிக் கவிழ்த்துத் தேடினேன். கப்பலுக்குக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று நீ எழுதித்தான் தெரிகிறது. அங்கேயே உரக்கத் திட்டினேன். திட்டி எவ்வளவு நாளாயிற்று. நன்றாக இருந்தது.

'அவளே பார்த்துக்கொள்வாள்.' நாற்பது வருஷத்துக்கு ஒரு வரி. சரி, பார்த்துக்கொள்கிறேன்.

பாதியைக் காலியாக விட்டுத் தடுப்புத் தை என்று அவர்தான் சொன்னார். எதற்கு என்றேன். "வரும்போது சாமான் இருக்கும்ல" என்றார். நான்தான் அதற்குமேல் கேட்கவில்லை.

நீ அவர் இடத்தில் வந்தாய் என்று சொன்னேனே, அது பொய். அவர் இடம் மூன்று மாதமும் அலமாரியில் பூட்டித்தான் கிடந்தது. அதை யாருக்கும் நான் கொடுக்கவில்லை. நீ சேர்த்து வைத்த லீவையெல்லாம் எனக்காகச் செலவழித்து, உன் இடத்தில் வந்தாய். நீ இல்லாமல் போயிருந்தால், பெட்டியோடு நானும் அந்த அறையை விட்டு இறங்கியிருக்க மாட்டேன். இதை அந்தக் கூடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியைப் பார்சலில் போடாதே. நீயே எடுத்து வா. லீவு மிச்சமில்லை என்பாய். சனி, ஞாயிறு போதும். ரன்னர் எனக்கு அவசரமாக வேண்டும், மூன்று பெட்டி காத்திருக்கிறது. காலிப் பாதியில் உன் துணியை வை. 'வாலுவுக்கு' என்ற இடத்தில் நீ எதையும் எழுதிவிடாதே. வந்ததும் உட்கார்ந்து, என்ன வாங்கியிருப்பார் என்று இரண்டு பேருமாக யோசித்து எழுதலாம். நிச்சயம் உனக்குப் பிடிக்காததாகத்தான் வாங்கியிருப்பார்.

ரயிலில் எந்த டேக்கும் ஒட்ட வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள். இடப்பக்கம் இழுக்கும், கொஞ்சம் சாய்த்துப் பிடி. மாத்திரையை மறக்காதே. நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். அங்கே மஞ்சள் கம்பம் இருக்காது, இறங்கின இடத்திலேயே நில். இந்தத் தடவை முதலில் உன்னைத் தேடுவேன், பெட்டியை அப்புறம்.

அண்ணி